வீட்டில் பிலிம் கழுவுவதும் நெகட்டிவைக் காப்பதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருச்சியில், மாடி வீட்டுச் சமையலறையில் கறுப்பு-வெள்ளை பிலிம் கழுவுகிறவன் நான். கேமரா வைத்திருக்கும் நண்பர்களும் அவர்களின் நண்பர்களும் கேட்ட கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். பிலிம் டப்பாவோடு வரும் தாளெல்லாம் குளிர் நாட்டுக் குழாய்த் தண்ணீரை மனத்தில் வைத்து எழுதியது. நமக்கு வரும் தொல்லைகளில் பாதிக்கு மேல் அந்தத் தாளில் இருக்காது. கழுவும்போது சூடு படுத்தும், கழுவி வைத்த பிறகு ஈரம் படுத்தும். அதனால் பதில்கள் சுற்றிச் சுற்றி அந்த இரண்டிலேயே வந்து நிற்கும்.

டார்க்ரூம் இல்லாமல் கழுவ முடியுமா?

முடியும். முழு இருட்டு தேவைப்படுவது ஐந்து பத்து நிமிடம்தான். பிலிமை டப்பாவிலிருந்து எடுத்து, ரீலில் சுற்றி, டேங்குக்குள் போட்டு மூடும் வரைக்கும். டேங்கின் மூடி தண்ணீரை உள்ளே விடும், வெளிச்சத்தை விடாது. அதன் பிறகு டியூப்லைட் எரிய, ரேடியோ பாட, சமையல் மேடையில் வைத்தே மீதி வேலையைப் பார்க்கலாம். தனி அறை வேண்டுமென்பது காகிதத்தில் பிரிண்ட் போடுகிறவர்களுக்கு.

சிவப்பு விளக்கு போட்டுக்கொள்ளலாமா?

கூடாது. சினிமாவில் காட்டும் சிவப்பு வெளிச்சம் பிரிண்ட் போடும் காகிதத்துக்கானது. அந்தக் காகிதத்துக்குச் சிவப்பு தெரியாது. நாம் கேமராவில் போடும் பிலிமுக்கு எல்லா நிறமும் தெரியும், சிவப்பு உட்பட. கைக்கடிகாரத்தையும் கழற்றி வையுங்கள். கையைத் திருப்பினால் தானாக எரிகிற கடிகாரத்தோடு ஒருநாள் பிலிம் சுற்றும் இருட்டுப் பைக்குள் கை விட்டேன். அந்த ரோலில் நடுவில் ஆறேழு படங்கள் புகைமூட்டமாகத்தான் வந்தன.

என்னென்ன வாங்க வேண்டும்?

ரீலோடு சேர்ந்த டேங்க், சேஞ்சிங் பேக் (கையை மட்டும் உள்ளே விட்டு வேலை செய்யும், வெளிச்சம் புகாத பை), நல்ல தெர்மாமீட்டர், அளவு ஜாடி, மூன்று நான்கு பாட்டில், துணி கிளிப். ரசாயனத்தில், படத்தை வரவைக்கும் டெவலப்பரும், வந்த படத்தை நிலைக்கவைக்கும் ஹைப்போவும். 35 மி.மீ. டப்பாவைத் திறக்கச் சோடா ஓப்பனரே போதும். பேட்டர்சன் டேங்க் என்றால் ஒரு 35 மி.மீ. ரோலுக்கு 290 மில்லி, அதைவிட அகலமான 120 ரோலுக்கு 500 மில்லி கரைசல் பிடிக்கும். காசு செலவழிக்க வேண்டிய ஒரே இடம் தெர்மாமீட்டர். மற்றதெல்லாம் பழையதாக இருந்தாலும் பாதகமில்லை.

சேஞ்சிங் பேக்குக்குள் கை வேர்த்து, பிலிம் ரீலில் ஏற மாட்டேன் என்கிறது. என்ன செய்வது?

இங்கே எல்லாரும் ஒருமுறையாவது மாட்டிக்கொள்ளும் இடம் இது. பைக்குள் கை நுழைந்ததும் உள்ளே இருக்கும் காற்று அடைபட்டுவிடும். மூன்றாவது நிமிடத்தில் விரல் நுனி ஈரமாகும், ஐந்தாவது நிமிடத்தில் பிலிம் முனை மெத்தென்று ஆகும். பிலிமின் மேல் இருப்பது ஜெலட்டின், ஈரம் பட்டால் அது ஒட்டும். பிளாஸ்டிக் ரீலில் பாதி ஏறியபின் 'டக்' என்று நிற்கும். அங்கே வலுக்கட்டாயமாகத் தள்ளினால் பிலிம் மடங்கி, நகக்குறி போலக் கறுப்புப் பிறைகள் படத்தில் விழும்.

பகலில் பையோடு போராடாமல், இரவில் ஜன்னல் இல்லாத குளியலறையிலோ பெரிய பீரோ மறைவிலோ விளக்கை அணைத்துவிட்டுச் சுற்றுவது சுலபம். கதவிடுக்கில் போர்வையைச் செருகி, ஐந்து நிமிடம் கண்ணைப் பழக்கிப் பாருங்கள். உங்கள் விரல்கள் தெரிந்தால் அந்த இடம் ஆகாது. பைதான் கதி என்றால், மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து, முழங்கை வரை கழுவித் துடைத்துவிட்டுத் தொடங்குங்கள். நடுவில் சிக்கினால் பிலிமையும் ரீலையும் டேங்குக்குள் போட்டு மூடி, கையை வெளியே எடுத்துக் காயவிட்டுப் பிறகு தொடரலாம். பிலிம் ஓடிப்போகாது. ரீல் எலும்பு போலக் காய்ந்திருக்க வேண்டும், நேற்றுக் கழுவிய ரீலை இன்றைக்கு நம்பாதீர்கள். பிலிமின் இரண்டு முனையையும் கத்தரியால் லேசாக வளைத்து வெட்டினால் பாதிச் சண்டை குறையும். கெட்டுப்போன ஒரு பழைய ரோலை வைத்துக்கொண்டு, கண்ணை மூடி இருபது முறையாவது பழகுங்கள்.

தாளில் 20 டிகிரி என்று போட்டிருக்கிறது. எங்கள் குழாயில் வருவது 33. எப்படிக் கழுவுவது?

மாடித் தொட்டித் தண்ணீர் மதியம் இரண்டு மணிக்கு எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியும். 20-க்குக் கொண்டுவந்தே தீர வேண்டும் என்றில்லை. சூடு ஏறினால் டெவலப்பர் வேகமாக வேலை செய்யும், நேரத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டும். பிலிம் நிறுவனமான இல்போர்டு தரும் கணக்குப்படி 20 டிகிரியில் 4 நிமிட வேலை 23-ல் 3 நிமிடம், 16-ல் 6 நிமிடம்.

சிக்கல் அந்த நேரம் ரொம்பச் சுருங்கும்போதுதான். எச்பி5 பிளஸ் பிலிமை ஐடி-11 டெவலப்பரில் தண்ணீர் சேர்க்காமல் கழுவினால் 20 டிகிரியில் ஏழரை நிமிடம். அதுவே 27-ல் நான்கு நிமிடத்துக்கும் கீழே போய்விடும். ஊற்றுவதற்குப் பத்து வினாடி, கொட்டுவதற்குப் பத்து வினாடி என்று வைத்தால், அவ்வளவு குறைந்த நேரத்தில் பிலிமின் ஒரு பக்கம் வெந்தும் ஒரு பக்கம் வேகாமலும் போகும். வானம் பட்டை பட்டையாகத் தெரியும். ஐந்து நிமிடத்துக்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அதற்கு வழி, டெவலப்பரில் சரிபாதி தண்ணீர் சேர்ப்பது. அப்போது 20-ல் 13 நிமிடம், 24-ல் சுமார் 9 நிமிடம். நான் எப்போதும் 24-ல்தான் நிற்பேன். வருஷம் முழுக்க அதைப் பிடிக்க முடிகிறது.

24-க்கு வருவது கடினமில்லை. டெவலப்பர் 250 மில்லி 31 டிகிரியில் இருக்கிறது என்று வையுங்கள். 17 டிகிரித் தண்ணீர் 250 மில்லி சேர்த்தால் 24 ஆகிவிடும். பிரிட்ஜில் ஒரு பாட்டில் ஆர்.ஓ. தண்ணீர் வைத்துவிட்டால், அதில் சாதாத் தண்ணீரைக் கலந்து 17-ஐப் பிடித்துவிடலாம். ஐஸ் கட்டியை டெவலப்பருக்குள் போடாதீர்கள், கலவை நீர்த்துப் போகும். பெரிய பேசினில் 24 டிகிரித் தண்ணீர் நிரப்பி டேங்கையும் பாட்டில்களையும் அதில் நிறுத்தி, ஐஸை பிளாஸ்டிக் பையில் கட்டி அந்தப் பேசினில் மிதக்கவிடுங்கள். மண்பானை இருந்தால் இன்னும் நல்லது. வறண்ட காற்று வீசும் எங்கள் ஊரில் பானைத் தண்ணீர் நன்றாகவே இறங்கும், சென்னைப் புழுக்கத்தில் அந்த அளவுக்கு இறங்காது.

இன்னொன்று. டெவலப்பரை மட்டும் கஷ்டப்பட்டுக் குளிரவைத்துவிட்டு, கடைசியில் குழாயைத் திறந்து 33 டிகிரித் தண்ணீரை ஊற்றுகிறவர்கள் உண்டு. ஜெலட்டின் திடீர்ச் சூட்டில் உப்பி, காய்ந்த ஏரி மண் போல வெடிக்கும். இன்றைய பிலிம்கள் ஓரளவு தாங்கும் என்றாலும், எல்லாக் கரைசலும் கழுவும் தண்ணீரும் இரண்டு மூன்று டிகிரிக்குள் இருந்தால் நிம்மதி.

அப்போ பிரிட்ஜ் இல்லாத காலத்து ஸ்டூடியோக்காரர்கள் எப்படிச் சமாளித்தார்கள்?

விடியற்காலையில் கழுவினார்கள். வெப்ப நாட்டுக்கென்றே தனி டெவலப்பர்களும் இருந்தன. சோடியம் சல்பேட் சேர்த்தால் ஜெலட்டின் தண்ணீரை அதிகம் குடிக்காது, அதனால் சூட்டிலும் உப்பாது. டெவலப்பருக்குப் பின் குரோம் படிகாரத்தில் முக்கி ஜெலட்டினைக் கெட்டியாக்கும் வழக்கமும் இருந்தது. ஊட்டியில் 1960-ல் அரசு தொடங்கிய இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் நிறுவனத்தை மலைக்கு மேல் கொண்டுபோனதற்கும் காரணம் இதுவே: குளிர், தூசியில்லாத காற்று, நல்ல தண்ணீர். 'இந்து' என்ற பெயரில் வந்த அந்த பிலிமில் எடுத்த குடும்பப் படங்கள் தமிழ்நாட்டில் எத்தனையோ வீடுகளில் இருக்கும். ஆலை இப்போது இல்லை.

கழுவும் வரிசை என்ன?

டெவலப்பர், இடைக்கழுவல், ஹைப்போ, தண்ணீர், கடைசி முழுக்கு. டெவலப்பரை ஊற்றியதும் கடிகாரத்தைத் தொடங்கி, முதல் பத்து வினாடியில் நான்கு முறை டேங்கைத் தலைகீழாகக் கவிழ்த்து நிமிர்த்துங்கள். பிறகு ஒவ்வொரு நிமிடத் தொடக்கத்திலும் அதே நான்கு முறை. கவிழ்த்து முடித்ததும் டேங்கை மேடையில் இரண்டு தட்டு தட்டினால் காற்றுக் குமிழி விலகும், இல்லாவிட்டால் குமிழி இருந்த இடமெல்லாம் வட்டப் பொட்டுகள். காக்டெய்ல் குலுக்குவது போல வேகமாகக் குலுக்க வேண்டாம். பிலிம் துளைகளின் வழியே டெவலப்பர் பீறிட்டு, ஓரத்தில் கோடு கோடாக வரும்.

நேரம் முடிய பத்து வினாடி இருக்கும்போதே கொட்டத் தொடங்குங்கள். அடுத்து, வினிகர் கலந்த தண்ணீரை அரை நிமிடம் ஊற்றினால் டெவலப்பரின் வேலை அங்கேயே நிற்கும். கடையில் கிடைக்கும் 5 சதவீத வினிகர் ஒரு பங்குக்குத் தண்ணீர் நான்கு பங்கு. வினிகர் இல்லையென்றால் வெறும் தண்ணீரில் இரண்டு முறை அலசினாலும் வேலை நடக்கும்.

டெவலப்பரைக் கொட்டும்போது நீலமாகவோ ஊதாவாகவோ வந்தால் பயப்படாதீர்கள். பிலிமில் பூசியிருக்கும் சாயம் கரைந்து வருகிறது.

ஹைப்போவில் எவ்வளவு நேரம்?

தாளைப் பார்க்காமல் பிலிமையே கேட்கலாம். ரீலில் சுற்றும் முன் வெட்டி எறிந்த முனைத் துண்டு இருக்கிறதல்லவா, அதை வெளிச்சத்திலேயே ஒரு கிண்ணம் ஹைப்போவில் போடுங்கள். பால்போல மங்கலாக இருந்தது மெல்லக் கண்ணாடியாகும். அதற்கு எத்தனை வினாடி ஆனதோ, குறைந்தது அதைப்போல இரண்டு மடங்கு நேரம் ரோலுக்கு. புது ஹைப்போவில் ஒரு நிமிடம் எடுத்தது இப்போது இரண்டு நிமிடம் எடுக்கிறது என்றால் அதைக் கழித்துவிட்டுப் புதிதாகக் கலக்கவும்.

ரசாயனக் கடையில் கற்கண்டு போல டப்பாவில் விற்கும் ஹைப்போவை, லிட்டருக்கு 250 கிராம் கணக்கில் நாமே கரைத்துக்கொள்ளலாம். வெந்நீரில் கரையுங்கள், ஏனென்றால் கரையக் கரையப் பாத்திரம் ஜில்லென்று ஆகிவிடும். கையால் தொட்டுப் பார்த்தால்தான் நம்புவீர்கள். சாதாரண பிலிமுக்கு இது சரி. டெல்டா, டிமாக்ஸ் போன்ற பிலிம்களுக்கு அம்மோனியம் தயோசல்பேட்டில் செய்த வேக ஹைப்போ வாங்குவது நல்லது.

டெவலப்பரையும் நாமே கலக்கலாமா?

தாராளமாக. கோடாக் 1927-ல் கொண்டுவந்த டி-76 இன்றைக்கும் பெரிய கடைகளில் பொட்டலமாகக் கிடைக்கிறது. கிடைக்காதபோது லிட்டருக்கு மெட்டால் 2 கிராம், சோடியம் சல்பைட் 100 கிராம், ஹைட்ரோகுயினோன் 5 கிராம், போராக்ஸ் 2 கிராம். 50 டிகிரித் தண்ணீர் முக்கால் லிட்டரில் இந்த வரிசைப்படி கரைத்துவிட்டு, ஆறியதும் லிட்டருக்கு நிரப்புங்கள். மெட்டால் போடும் முன் சல்பைட்டில் ஒரு சிட்டிகையை மட்டும் போடலாம், அதற்குமேல் வேண்டாம். சல்பைட் நிறைந்த தண்ணீரில் மெட்டால் கரைய மறுத்து, அடியில் மணலாக நிற்கும். இரண்டு கிராமை நிறுக்க நகைக்கடைத் தராசு போன்ற சின்ன மின்தராசு வேண்டும். சல்பைட்டும் சல்பேட்டும் வேறு வேறு, கடைக்காரர் எடுத்துக் கொடுத்ததும் ஒட்டுச்சீட்டைப் படித்துப் பாருங்கள்.

கையுறை போடுங்கள். மெட்டால் சிலருக்குத் தோலில் அரிப்பையும் கொப்புளத்தையும் கொண்டுவரும், ஒருமுறை வந்தால் பிறகு தொட்டாலே வரும். தூளைக் கொட்டும்போது மின்விசிறியை நிறுத்தி, மூக்கைக் கட்டிக்கொள்ளுங்கள். சமையல் கரண்டியும் டம்ளரும் இந்த வேலைக்கு வந்தால் திரும்பச் சமையலுக்குப் போகக் கூடாது. பாட்டிலில் பெயரும் தேதியும் கொட்டை எழுத்தில். குழந்தைகள் இருக்கும் வீட்டில் குளிர்பான பாட்டிலில் ஊற்றி வைக்கவே வேண்டாம்.

கலக்கிய டி-76 நிரம்பிய பாட்டிலில் ஆறு மாதம், பாதி பாட்டிலில் இரண்டு மாதம் என்பது கோடாக் கணக்கு. நம் சூட்டுக்கு அதிலும் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள். எப்போதாவதுதான் கழுவுவேன் என்றால் ரோடினால் வகை டெவலப்பர் வாங்கலாம். 1891-ல் காப்புரிமை பெற்ற சரக்கு. திறந்த பாட்டில் வருஷக்கணக்கில் தாங்கும், காபி நிறத்துக்குக் கறுத்தாலும் வேலை செய்யும்.

காபித் தூளிலேயே பிலிம் கழுவலாமாமே, உண்மையா?

உண்மைதான். அமெரிக்காவில் ராசெஸ்டர் தொழில்நுட்பக் கழக வகுப்பொன்றில் 1995-ல் செய்து பார்த்த விளையாட்டு, பிறகு உலகமெங்கும் பரவியது. லிட்டருக்கு நீர் நீங்கிய வாஷிங் சோடா 54 கிராம், வைட்டமின் சி தூள் 16 கிராம், இன்ஸ்டன்ட் காபி 40 கிராம், 20 டிகிரியில் 15 நிமிடம். வாஷிங் சோடாதான், ஆப்ப சோடா அல்ல. காபியில் சிக்கரி இருக்கக் கூடாது. கும்பகோணம் டிகிரி காபியை இதில் வீணாக்க வேண்டாம், மலிவான தூளே நன்றாக வேலை செய்கிறது. வாடை மட்டும் சகிக்காது. எங்கள் வீட்டில் இதற்கு அனுமதி ஒரே ஒருமுறைதான் கிடைத்தது.

ரோல் முழுக்க வெறுமையாக வந்துவிட்டது. எங்கே தப்பு?

பிலிமின் ஓரத்தைப் பாருங்கள். அங்கே நிறுவனத்தின் பெயரும் எண்களும் ஆலையிலேயே ஒளியால் பதித்தவை. அவை பளிச்சென்று கறுப்பாக இருந்தால் நீங்கள் கழுவியது சரி, பிலிம்தான் கேமராவில் சுற்றவே இல்லை. 35 மி.மீ. கேமராவில் முனை பற்களில் மாட்டாமல் இருந்திருக்கும், 36 படமும் ஒரே இடத்தில் நின்றபடி எடுத்திருப்பீர்கள். அடுத்த முறை லீவரைத் தள்ளும்போது இடப்பக்கத் திருகு சுற்றுகிறதா என்று கவனியுங்கள்.

ஓர எழுத்தும் இல்லை என்றால் தப்பு கழுவியதில். டெவலப்பர் செத்துப்போயிருக்கும், அல்லது ஹைப்போவை முதலில் ஊற்றியிருப்பீர்கள். இரண்டாவதை நான் செய்திருக்கிறேன், உறவினர் வீட்டு வளைகாப்பு ரோலில். அன்றிலிருந்து ஹைப்போ பாட்டிலில் சிவப்பு நூல் கட்டியிருக்கிறேன்.

காய்ந்த பிறகு வெள்ளைத் திட்டுகள் தெரிகின்றன.

போர் தண்ணீர். அதில் இருக்கும் சுண்ணாம்பு, சொட்டு காய்ந்த இடத்தில் தங்கிவிடுகிறது. குழாய்த் தண்ணீரில் கழுவுவது தப்பில்லை, கடைசி முழுக்கு மட்டும் ஆர்.ஓ. தண்ணீரிலோ பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரிலோ இருக்கட்டும். அதில் போட்டோ-ஃப்ளோ போன்ற திரவத்தை அரை லிட்டருக்கு இரண்டரை மில்லி, அதாவது இருநூறில் ஒரு பங்கு சேர்த்தால் தண்ணீர் சொட்டாக நிற்காமல் வழிந்துவிடும். நுரை கிளம்பினால் அதிகம் போட்டுவிட்டீர்கள்.

தண்ணீர்ப் பஞ்ச நாளில் அரை மணி நேரம் குழாயைத் திறந்து வைக்கவும் தேவையில்லை. டேங்கில் தண்ணீர் நிரப்பி 5 முறை கவிழ்த்துக் கொட்டுங்கள், மறுபடி நிரப்பி 10 முறை, மறுபடி 20 முறை. இல்போர்டு சொல்லும் முறை இது. கெட்டியாக்கி சேர்க்காத ஹைப்போவுக்கு இது போதும்.

எங்கே காயப்போடுவது?

குளியலறையில், யாராவது குளித்து முடித்த பிறகு. ஆவி தூசியைக் கீழே இறக்கியிருக்கும். மேலே ஒரு கிளிப், கீழே கனத்துக்கு இரண்டு கிளிப். மின்விசிறி வேண்டாம், மொட்டைமாடி வேண்டவே வேண்டாம். ஐப்பசி கார்த்திகையில் நான்கு மணி நேரத்தில் காய வேண்டியது ராத்திரி முழுக்க எடுக்கும், பொறுங்கள். அரைகுறையாகக் காய்ந்ததை உறையில் போட்டால் ஒட்டிக்கொள்ளும்.

கலர் பிலிம்?

முடியும். கலர் நெகட்டிவ் கழுவும் சி-41 முறைக்கு டெவலப்பர் 38 டிகிரியில் இருக்க வேண்டும், மூன்றேகால் நிமிடம். கால் டிகிரி ஏறி இறங்கினாலே நிறம் மாறும். இதில் மட்டும் நம் ஊர்ச் சூடு நமக்குத் துணை. வாளித் தண்ணீரை 33-லிருந்து 38-க்கு ஏற்றுவது ஒரு சொம்பு வெந்நீர் வேலை. முதல் பத்து ரோலைக் கறுப்பு-வெள்ளையில் கழுவிவிட்டு வாருங்கள்.

நெகட்டிவை எந்த உறையில் போடுவது?

35 மி.மீ. என்றால் ஆறாறாக வெட்டி, பாலிப்ராப்பிலீன், பாலித்தீன், பாலியெஸ்டர் இவற்றில் ஏதாவதொன்றில் செய்த உறையில் போடுங்கள். பி.வி.சி. கூடாது. புது ரெக்சின் பை வாடை அடிக்கும் வழவழப்பான உறை என்றால் அது பெரும்பாலும் பி.வி.சி. தான், அதிலிருந்து கசியும் எண்ணெய்ப் பொருள் சில வருஷத்தில் நெகட்டிவோடு ஒட்டும். பழைய ஸ்டூடியோக்கள் கொடுத்த கண்ணாடிக் காகித உறையும் நம் ஈரத்தில் ஜெலட்டினைப் பிடித்துக்கொள்ளும். ரப்பர் பேண்ட், செலோ டேப், இரும்பு கிளிப் எதுவும் வேண்டாம். சுருட்டியும் வைக்காதீர்கள்.

உறையில் எழுதுவதை நெகட்டிவ் உள்ளே போகும் முன்பே எழுதிவிடுங்கள். நான் வருஷம், ரோல் எண், ஊர் மூன்றும் எழுதுகிறேன். கையில் பிடிக்கும்போது ஓரத்தில்தான் விரல் பட வேண்டும். மங்கலான பக்கம் ஜெலட்டின், பளபளப்பான பக்கம் வெறும் பிளாஸ்டிக்.

வீட்டில் எந்த இடத்தில் வைப்பது?

பரணில் வைக்காதீர்கள், ஓட்டுக்கு அடியில் சூளை மாதிரி இருக்கும். வெளிச்சுவரை ஒட்டிய அலமாரியும் ஆகாது, மழைக்காலத்தில் சுவர் வேர்க்கும். உள்சுவரை ஒட்டிய இரும்பு பீரோவின் நடுத்தட்டு நல்ல இடம். பாச்சை உருண்டையை மட்டும் அந்தத் தட்டிலிருந்து எடுத்துவிடுங்கள், அதன் ஆவி நெகட்டிவுக்கு வேண்டாம். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பைகளோடு, ஈரப்பதம் காட்டும் ஈரமானிக் காகிதம் ஒன்றையும் போட்டு வைத்தால் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியும். ஈரப்பதம் 30-லிருந்து 50 சதவீதத்துக்குள் இருந்தால் கவலையில்லை. 65-ஐத் தாண்டி நின்றால் பூஞ்சை வரும். சிலிக்கா ஜெல் தானாகக் காயாது. நிறம் மாறியதும் வாணலியில் மெல்லிய சூட்டில் வறுத்து, ஆறவைத்துத் திரும்பப் போடவும்.

பிரிட்ஜில் வைக்கலாம், இரண்டு ஜிப் பைக்குள். வெளியே எடுத்ததும் திறக்காதீர்கள். இரண்டு மூன்று மணி நேரம் கழித்துத் திறக்கவும், இல்லாவிட்டால் ஐஸ்வாட்டர் டம்ளர் வேர்ப்பது போல நெகட்டிவும் வேர்க்கும்.

பழைய நெகட்டிவ் பெட்டியைத் திறந்தால் வினிகர் வாடை வருகிறது.

அது பிலிமே அழுகும் வாடை. பல பத்தாண்டுகளாக பிலிமின் அடித்தளம் செல்லுலோஸ் அசிடேட், இன்றைக்கு வாங்கும் எச்பி5 35 மி.மீ. ரோலும் அதுவே. சூடும் ஈரமும் சேர்ந்தால் அதிலிருந்து அசிட்டிக் அமிலம் பிரியும், பிரிந்த அமிலம் மேலும் பிரியச் செய்யும். ஒரு பெட்டியில் ஒரு ரோலுக்கு வந்தால் பக்கத்து ரோலுக்கும் வரும். பிறகு பிலிம் சுருங்கும், மேலிருக்கும் ஜெலட்டின் சுருங்காமல் புடைத்து, பாம்புச் சட்டை போல வரிவரியாகக் கழன்று நிற்கும்.

போனதைத் திருப்ப வழியில்லை, வேகத்தைக் குறைக்கத்தான் முடியும். வாடை வருவதைத் தனியே பிரித்து, காற்றோட்டமான இடத்தில் வைத்து, முதலில் அதை ஸ்கேன் செய்யுங்கள். அப்புறம் குளிரில் வையுங்கள். எந்தப் பெட்டியில் தொடங்கியிருக்கிறது என்று மூக்குக்கு முன்னால் அறிய, அமிலம் பட்டால் நீலத்திலிருந்து பச்சையாகவும் பிறகு மஞ்சளாகவும் மாறும் காகிதத் துண்டுகளை ராசெஸ்டரின் படப் பாதுகாப்பு ஆய்வகம் உருவாக்கியிருக்கிறது. ஆவணக் காப்பகங்கள் அதைப் பயன்படுத்துகின்றன.

பெரியப்பாவின் பெட்டியில் 1940-களுக்கு முந்தைய நெகட்டிவ் இருந்து, அது தேன் நிறமாகிப் பிசுபிசுத்தால் அது பழைய நைட்ரேட் அடித்தள பிலிமாக இருக்கலாம். சுலபமாகத் தீப்பிடிக்கும். எரித்துப் பார்த்துச் சோதிக்க வேண்டாம்.

நெகட்டிவில் சிலந்திவலை போலப் பூஞ்சை.

தண்ணீரில் கழுவாதீர்கள். பூஞ்சை தின்ற ஜெலட்டின் தண்ணீரில் கரையும், படமும் கூடவே போகும். 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த மெல்லிய பஞ்சால், அழுத்தாமல், ஒரே திசையில் துடைக்கவும். பூஞ்சை அரித்த தடம் அப்படியே இருக்கும், மேலே வளர்வது மட்டும் போகும்.

வெள்ளத்தில் நனைந்து ஒன்றோடொன்று ஒட்டிவிட்டன. பிரிக்கலாமா?

2015 டிசம்பர் சென்னை வெள்ளத்துக்குப் பிறகு அதிகம் கேட்ட கேள்வி. நனைந்ததைக் காயவிடாதீர்கள். காய்ந்தால்தான் நிரந்தரமாக ஒட்டும். சுத்தமான குளிர்ந்த தண்ணீரில் அப்படியே அமிழ்த்தி வைத்து, ஒன்றிரண்டு நாளுக்குள் தானாக விலகும்போது பிரித்து, அலசி, தொங்கவிடுங்கள். அவ்வளவு நேரம் இல்லையென்றால் பைக்குள் போட்டு ஃப்ரீசரில் வைத்து, பிறகு நிதானமாகப் பார்க்கலாம். முன்பே பூஞ்சை இருந்த கட்டு என்றால் தண்ணீரில் அமிழ்த்தச் சொன்னது பொருந்தாது, நேராக ஃப்ரீசர்.

எல்லாவற்றையும் ஸ்கேன் செய்தாயிற்று. நெகட்டிவைத் தூக்கிப் போடலாமா?

போடாதீர்கள். பத்து வருஷத்துக்கு முன் நான் எடுத்த ஸ்கேன்களை இன்றைக்குப் பார்த்தால் சிரிப்பு வருகிறது. அதே நெகட்டிவை இப்போது மேக்ரோ லென்சும் எல்.இ.டி. பலகையும் வைத்து எடுத்தால் நிழலுக்குள் இருக்கும் முகம் தெரிகிறது. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் 1956 முதல் எடுத்த தென்னிந்தியக் கோயில் நெகட்டிவ்கள் ஒரு லட்சத்துக்கு மேல் இருக்கின்றன. புதுப்பித்தலில் உருமாறிய கோயில்களுக்கு அவைதான் சாட்சி. வன்தட்டு ஒருநாள் சொல்லாமல் நிற்கும். நெகட்டிவ் கெடுவதை மூக்காலாவது அறியலாம்.

தீர்ந்துபோன ஹைப்போவை எங்கே கொட்டுவது?

செடிக்கு வேண்டாம், கிணற்றுப் பக்கமும் வேண்டாம். பிலிமிலிருந்து கரைந்த வெள்ளி அதில் இருக்கிறது, மீனுக்கும் தண்ணீரில் வாழும் மற்றவற்றுக்கும் அது நஞ்சு. பழைய பிளாஸ்டிக் வாளியில் சேர்த்து, பாத்திரம் தேய்க்கும் இரும்பு நாரைப் போட்டு ஒரு வாரம் மூடி வையுங்கள். இரும்பு கரைந்து, வெள்ளி கறுப்புச் சேறாக அடியில் இறங்கும். எக்ஸ்ரே மையங்களில் ஹைப்போ வாங்க ஆள் வரும் ஊர்களில் அவரிடமே கொடுத்துவிடலாம்.

பீரோவில் கழுவாத பழைய ரோல் ஒன்று கிடைத்தது. படம் வருமா?

எங்கே கிடந்தது என்பதைப் பொறுத்தது. அண்டார்டிகாவில் கேப் எவன்சில், துருவப் பயணி ஸ்காட்டின் குடிசையில் பனிக்கட்டிக்குள் உறைந்து கிடந்த 22 நெகட்டிவ்கள் 2013-ல் வெளியே வந்தன, சுமார் நூறு வருஷம் கழித்துப் படம் தெரிந்தது. நம் பீரோவில் முப்பது கோடைக்காலம் கிடந்த ரோலுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. கறுப்பு-வெள்ளை என்றால் மங்கலாகவாவது வர வாய்ப்புண்டு. பழைய கலர் ரோலையும் கறுப்பு-வெள்ளையாகவே கழுவுங்கள், சாயம் கெட்டிருந்தாலும் வெள்ளி மிஞ்சியிருக்கும். கோடாக்கின் பழைய கலர் பிலிமான கோடாக்குரோம் என்று எழுதியிருந்தால் வேறு வழியே இல்லை. அதற்கான கலர் முறையை உலகில் கடைசியாகச் செய்துவந்த கான்சாஸ் லேப் 2010 டிசம்பர் 30-க்குப் பிறகு ரோல் வாங்குவதை நிறுத்திவிட்டது.

டெவலப்பரை முடிந்த அளவு குளிர்ச்சியாக வைத்து, முதலில் முனையில் ஒரு சாண் மட்டும் இருட்டில் வெட்டிக் கழுவிப் பாருங்கள். முழுக்கக் கறுப்பாக வந்தால் மீதிக்கு நேரத்தைக் குறைக்கவும், ஒன்றுமே தெரியாவிட்டால் கூட்டவும். என்னிடம் கடைசியாக வந்த 120 ரோலில் பன்னிரண்டுக்கு மூன்று தேறியது. அதில் இரண்டில் விரல்.